வித்தா, பதரா?

உழவன் விதைநெல்லை அப்படியே நாற்றங்காலில் கொட்டிவிடுவதில்லை. உப்புக் கரைத்த நீரில் முதலில் அதனைப் போடுகின்றான். உள்ளீடு உள்ள மணிகள் அடியில் தங்குகின்றன. உள்ளீடற்றவை மேலே மிதக்கின்றன. மிதப்பவற்றை அரித்தெடுத்து வெளியே எறிகின்றான். எறியப்பெற்ற பதரும் அடியில் தங்கிய வித்தும் நிறத்தால் ஒன்றே, வடிவால் ஒன்றே, அளவாலும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும், ஒன்று ஒரு திங்களில் பச்சைப் பயிராக எழுந்து நிற்கும். மற்றொன்று மண்ணோடு மண்ணாக மட்கும்.

பெருஞ்செயல்கள் யாவும் சிறியனவாகவே தொடங்குகின்றன என்பது மேடைதோறும் கேட்கப்பெறும் உரை. அது பொய்யன்று. ஆனால், சிறியனவாகத் தொடங்கியவை யாவும் பெரியனவாக வளர்ந்துவிடவில்லை என்பதும் அதே அளவு மெய். தொடக்கத்தின் சிறுமையைக் கண்டு, 'இது எங்கே வளரப்போகின்றது' என்று எள்ளி ஒதுக்குவது ஒரு பிழை. அது வித்தை மணல் என்று எண்ணும் பிழை. 'சிறியதே சிறப்பு' என்று தம்மைத் தாமே பாராட்டிக்கொண்டு, தொடங்கிய நாளில் பதின்மராக இருந்தவர்கள் நாற்பதாண்டுகள் கழித்தும் பதின்மராகவே இருப்பது மற்றொரு பிழை. அது பதரை வித்து என்று எண்ணும் பிழை. முன்னையது பகைவர்க்கும் ஐயுறவாளர்க்கும் உரியது. பின்னையது பெரும்பாலும் கொள்கையாளர்க்கே உரியது. இரண்டாலும் விளைவது ஒன்றே: வயல் தரிசாகக் கிடத்தல்.

அவ்வாறாயின், ஒரு சிறு தொடக்கத்துள் வளர்ச்சி அடங்கியுள்ளதா இல்லையா என்று அறிவது எங்ஙனம்? இதற்கு விடை கூறுவதற்கு மேலை நாட்டு மொழி வரலாறு ஒன்று பெரிதும் துணைநிற்கும்.

ஆங்கிலேயர் நாட்டிற்கு மேற்கே, அதனோடு ஒட்டிக் கிடக்கும் சிறுநாடு வேல்சு. அந்நாட்டு மக்களின் மொழி ஆங்கிலத்தினும் அத்தீவில் பழமையுடையது. 1847ஆம் ஆண்டில், வேல்சு மொழி அறியாத ஆங்கில ஆய்வாளர் மூவர் அந்நாட்டுக் கல்வி நிலையை ஆய்ந்து அரசுக்கு அறிக்கை அளித்தனர். மக்களின் அறிவு முன்னேற்றத்திற்கும் ஒழுக்க முன்னேற்றத்திற்கும் அவர்தம் தாய்மொழியே தடை என்பது அவ்வறிக்கையின் சாரம். அறிக்கையின் நீல அட்டையைக் கொண்டு, 'நீலநூல்களின் இரண்டகம்' என்றே அதனை வேல்சு மக்கள் இன்றும் குறிக்கின்றனர். அந்நூற்றாண்டில் அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் கொடிய வழக்கம் ஒன்று நிலவிற்று. வாய்தவறித் தாய்மொழியில் பேசிவிட்ட குழந்தையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைக் கட்டித் தொங்கவிடுவர். அடுத்து எக்குழந்தை தாய்மொழியில் பேசுகின்றதோ அதன் கழுத்துக்கு அம்மரத்துண்டு மாறும். பள்ளி முடியும் வேளையில் அஃது எவன் கழுத்தில் உள்ளதோ அவனுக்குப் பிரம்படி. ஒரு குழந்தையைக் கொண்டே மற்றொரு குழந்தையைக் காட்டிக்கொடுக்கச் செய்த ஏற்பாடு அது.

அம்மரத்துண்டைக் கழுத்தில் தாங்கிய சிறுவர்களுள் ஒருவர் ஓவன் எட்வர்ட்சு. அதனைப் பின்னாளில் அவரே தம் நினைவுக்குறிப்புகளில் எழுதிவைத்தார். வளர்ந்து பேரறிஞரான அவர், 1892ஆம் ஆண்டில் வேல்சு மொழியில் குழந்தைகளுக்கென ஓர் இதழைத் தொடங்கினார். 1907ஆம் ஆண்டில் வேல்சு நாட்டுப் பள்ளிகளின் தலைமை ஆய்வாளர் ஆனார். 1920ஆம் ஆண்டில் அவர் மறைந்தபின், அவருடைய மகன் இவான் அவ்விதழை ஏற்று நடத்தினார். 1922ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், அவ்விதழின் வழியாகவே குழந்தைகளுக்கு ஓர் அழைப்பு விடுத்தார். வேல்சு மொழியைப் பேசவும் படிக்கவும் உறுதிபூணும் குழந்தைகள் ஒரு கழகமாகச் சேர்தல் வேண்டும் என்பதே அவ்வழைப்பு. அவ்வாறு பிறந்த வேல்சு இளையோர் கழகம், 1928ஆம் ஆண்டில் தன் முதற் கோடைப் பாசறையையும், 1929ஆம் ஆண்டில் தன் முதல் இளையோர் கலைவிழாவையும் நடத்திற்று. ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களுடன் இன்றும் அது வாழ்கின்றது.

ஆயினும், பாசறையும் விழாவும் ஆண்டில் சில நாள்களே. எஞ்சிய நாள்களில் குழந்தையின் பொழுது பள்ளியில் கழிகின்றது. 1939ஆம் ஆண்டில் இரண்டாம் உலகப்போர் மூண்டது. குண்டுவீச்சுக்கு அஞ்சி, இலிவர்ப்பூல் நகரிலிருந்து குழந்தைகள் கூட்டங்கூட்டமாக வேல்சு நாட்டின் மேலைக் கடற்கரை ஊராகிய அபெரிசுத்துவித்துக்கு அனுப்பப்பெற்றனர். ஊர்ப் பள்ளிகளில் ஆங்கிலமே முழுதும் மேலோங்கிவிடும் நிலை தோன்றிற்று. அவ்வாண்டு செபுதம்பர்த் திங்களில், இவான் எட்வர்ட்சும் அவரொத்த பெற்றோர் சிலரும் தம் கழகக் கட்டடத்திலேயே ஒரு தொடக்கப்பள்ளியைத் திறந்தனர். அனைத்துப் பாடங்களையும் வேல்சு மொழியிலேயே கற்பிக்கும் முதற் பள்ளி அதுவே. ஆசிரியை நோரா ஐசக்கு என்னும் பெண்மணி. இருபத்தைந்து அகவையும் அன்று அவர்க்கு நிரம்பவில்லை. பள்ளியில் சேர்ந்த குழந்தைகள் எத்துணையர்? ஏழு பேர்!

ஏழு குழந்தைகளுக்கு ஒரு பள்ளி! போர்க்காலம், பொருள்முடை, அரசின் பொருளுதவி இல்லை. நகைப்பதற்கு இதனினும் வாய்ப்பான இடம் வேறு வேண்டுமா? ஆனால், அவ்வேழின் பின்வரலாறு நகைப்புக்கு உரியதாக இல்லை. 1947ஆம் ஆண்டில், இலானெல்லி என்னும் தொழில்நகரில் உள்ளூராட்சியே தன் பொருளில் வேல்சுமொழித் தொடக்கப்பள்ளி ஒன்றைத் திறந்தது. தனியார் சிலர் செய்துகாட்டிய ஒன்றை, எட்டே ஆண்டுகளில் ஆட்சியே எடுத்துச் செய்யத் தொடங்கிற்று. 1956ஆம் ஆண்டில், வட வேல்சில் முதல் வேல்சுமொழி உயர்நிலைப்பள்ளி தோன்றிற்று. 1962ஆம் ஆண்டில், ஆங்கிலமே மிகுதியும் வழங்கிய தென்பகுதி நிலக்கரி நாட்டிலும் ஓர் உயர்நிலைப்பள்ளி எழுந்தது. அங்கே சேர்க்கப்பெற்ற குழந்தைகளுள், வேல்சு மொழி பேசவறியாத பெற்றோரின் குழந்தைகளும் நாளடைவில் பெருகினர். 1971ஆம் ஆண்டில், பள்ளி அகவை எய்தாத மழலையர்க்கென ஓர் இயக்கமே அமைக்கப்பெற்றது. அண்மை ஆண்டுகளில், வேல்சு நாட்டின் ஏழு அகவைக் குழந்தைகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் வேல்சு மொழிவழியே கல்வி பெறுகின்றனர்.

1982ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள், வேல்சு மொழிக்கெனத் தனித் தொலைக்காட்சி தன் ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அஃது எளிதில் கிடைத்ததன்று. கொடுத்த வாக்கிலிருந்து நடுவண் அரசு பின்வாங்கியபோது, வேல்சுக் கட்சித் தலைவர் குவின்வோர் இவான்சு சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கப்போவதாக 1980ஆம் ஆண்டில் அறிவித்தார், அரசு பணிந்தது. அத்தொலைக்காட்சியின் முதல் இயக்குநராக அமர்ந்தவர் யார்? 1939ஆம் ஆண்டில் அச்சிறு பள்ளியில் முதன்முதல் அமர்ந்த ஏழு குழந்தைகளுள் ஒருவர், இவானின் மகன், தம் பாட்டனாரின் பெயரையே தாங்கிய ஓவன் எட்வர்ட்சு. பாட்டனின் கழுத்தில் மரத்துண்டு. தந்தையின் கையில் ஏழு குழந்தைகளின் பள்ளி. பேரனின் பொறுப்பில் ஒரு நாட்டின் தொலைக்காட்சி. மூன்றே தலைமுறைகளில் நிகழ்ந்தது இது.

இவ்வேழு வித்துகளின் உள்ளீடு யாது? மூன்று இயல்புகளை இங்குப் பிரித்துக் காணலாம்.

முதலாவது, முழுமை. அப்பள்ளி அளவால் சிறியதே அன்றித் தன்மையால் குறைந்ததன்று. கிழமைக்கு ஒரு மணிநேரம் வேல்சு மொழிப்பாடம் என்று அவர்கள் தொடங்கியிருப்பின், அதற்கு நூறு குழந்தைகள்கூட வந்திருப்பர். ஆனால் அந்நூற்றுவரும் எஞ்சிய பொழுதெல்லாம் ஆங்கிலத்திலேயே எண்ணியிருப்பர். அவர்களோ எண்ணும் எழுத்தும் விளையாட்டும் பாட்டும் அனைத்தும் தாய்மொழியிலேயே அமைத்தனர். நூற்றுவர்க்குக் காற்பங்கு கொடுப்பதை விட்டு, எழுவர்க்கு முழுமையாகக் கொடுத்தனர். நெல்மணி நுண்ணியதாயினும், வேரும் இலையும் கதிருமாக எழவேண்டிய அனைத்தும் அதனுள் கருவாக உள்ளன. பாதி நெல் முளைப்பதில்லை.

இரண்டாவது, பிறர் எடுத்துச் செய்யத்தக்க எளிமை. அப்பள்ளிக்கு மாளிகை வேண்டியிருக்கவில்லை, பெருஞ்செல்வர் வேண்டியிருக்கவில்லை. ஓர் அறையும், ஓர் ஆசிரியரும், உறுதியுள்ள பெற்றோர் சிலருமே வேண்டியிருந்தனர். இவை எவ்வூரிலும் கிடைப்பன. ஆதலால், ஓரூரில் நடந்தது அடுத்த ஊரிலும் நடந்தது. ஒரு தனித்தலைவரின் ஆற்றலை மட்டுமே நம்பி எழும் முயற்சி, அவர் மறைந்த நாளில் அவரோடு மறையும். எவரும் செய்யத்தக்க வகையில் அமைந்த முயற்சியே தொடங்கினவரைக் கடந்து வாழும்.

மூன்றாவது, அடுத்த படியை ஆக்கிக்கொள்ளும் தொடர்ச்சி. இதிலேதான் வேல்சு மக்கள் பெரும் இடர்ப்பட்டனர். 1939ஆம் ஆண்டில் சேர்ந்த குழந்தைகள் தொடக்கக் கல்வியை முடித்து வெளிவந்தபோது, அவர்களுக்குத் தாய்மொழி உயர்நிலைப்பள்ளி நாட்டில் எங்குமே இல்லை. முதல் உயர்நிலைப்பள்ளி எழுவதற்குப் பதினேழாண்டுகள் சென்றன. வித்து விழுந்த அபெரிசுத்துவித்து ஊரிலேயே அத்தகைய உயர்நிலைப்பள்ளி எழுவதற்கு 1973ஆம் ஆண்டு வரை, அஃதாவது முப்பத்து நான்கு ஆண்டுகள், காத்திருக்க வேண்டியதாயிற்று. இடைவெளி நேர்ந்தும் அவர்கள் கைவிடவில்லை. குழந்தை வளர வளர அதன் முன்னே கட்டவேண்டிய படி யாது என்று எண்ணியவாறே இருந்தனர். மழலையர் கூடம், தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி, தொலைக்காட்சி, சட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் படிகள் எழுந்தன. 1993ஆம் ஆண்டுச் சட்டமும் 2011ஆம் ஆண்டுச் சட்டமும் அம்மொழிக்கு ஆட்சியில் இடம் வகுத்தன. சட்டத்திலிருந்து பள்ளி பிறக்கவில்லை. பள்ளிகளே சட்டத்தைப் பிறப்பித்தன.

இதே உண்மையை அயர்லாந்துத் தீவிலும் காணலாம். அங்கே பெருந்தொடக்கமும் உண்டு, சிறுதொடக்கமும் உண்டு. தெற்கே 1922ஆம் ஆண்டில் தன்னாட்சி பெற்ற அரசு, ஐரிசு மொழியை நாட்டுமொழி என்று தன் அரசமைப்பிலேயே எழுதிற்று. பள்ளிகளில் அதனைக் கட்டாயமாக்கிற்று. அரசின் ஆணையைவிடப் பெரிய தொடக்கம் ஒரு மொழிக்கு வேறு யாது? ஆயினும், நூறாண்டு கடந்து 2022ஆம் ஆண்டில் எடுத்த மக்கள்தொகைக் கணக்கின்படி, அம்மொழி தமக்குப் பேசத் தெரியும் என்றவர்கள் பதினெட்டு இலக்கத்துக்கும் மேற்பட்டோர். கல்விக்கூடத்திற்கு வெளியே அதனை நாள்தோறும் பேசுவதாகக் கூறியவர்களோ ஏறத்தாழ 72,000 பேர் மட்டுமே. அம்மொழி வழங்கிய மேலைக் கடற்கரைச் சிற்றூர்களின் வறுமையும், பிழைப்புத் தேடி மக்கள் வெளியேறியமையும் இதற்குக் கரணியங்களே. ஆனால், பள்ளிப்பாடமாகப் புகுந்த மொழி வீட்டின் மொழியாக ஆகவில்லை என்பதும் அவற்றோடு சேர்த்து எண்ணத்தக்கது.

வடக்கே, பெல்பாசுட்டு நகரில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. அங்கே ஐரிசு மொழிக்கு அரசின் ஆதரவு அறவே இல்லை. அம்மொழியைத் தம் முயற்சியால் கற்றுத் தேர்ந்த இளங்குடும்பங்கள் சில, தம் குழந்தைகளேனும் அதனைத் தாய்மொழியாகப் பெறவேண்டும் என்று துணிந்தன. நகரின் மேற்கே சாவுச் சாலையில் நிலம் வாங்கி, அடுத்தடுத்து வீடுகள் கட்டி, 1969ஆம் ஆண்டில் குடியேறின. குடும்பங்கள் ஐந்து. 'சொல்லாதே; செய்' என்பதே அவர்கள் கொண்ட முழக்கம். 1971ஆம் ஆண்டில், அவர்கள் ஒன்பது குழந்தைகளுடன் ஐரிசுமொழித் தொடக்கப்பள்ளியைத் திறந்தனர். அரசின் பொருளுதவி கிடைப்பதற்கு 1984ஆம் ஆண்டு வரை ஆயிற்று. இடைப்பட்ட பதின்மூன்றாண்டுகளும் அப்பள்ளியை நடத்தியது, மக்களிடம் தண்டிய பொருளும் பெற்றோரின் உழைப்புமே. 1991ஆம் ஆண்டில் உயர்நிலைப்பள்ளி தொடங்கியபோதும், அதில் சேர்ந்தவர் மீண்டும் ஒன்பதின்மரே! இருபதாண்டு வளர்ச்சிக்குப் பின்னும் ஒன்பதிலிருந்தே தொடங்குவதற்கு அவர்கள் நாணவில்லை. இன்று வடஅயர்லாந்தில் ஐரிசு மொழிவழிக் கல்வி பெறுவோர் ஏழாயிரவர்க்கும் மேற்பட்டோர். 2022ஆம் ஆண்டுச் சட்டம் அம்மொழிக்கு அங்கே ஆட்சிநிலையில் ஏற்பு வழங்கிற்று.

தென்கடலின் நியூசிலாந்திலோ, பழங்குடியினராகிய மாவோரி மக்கள் 1982ஆம் ஆண்டில் வெலிங்கடன் நகரருகே ஒரு 'மொழிக்கூடு' அமைத்தனர். அறுபது, எழுபது அகவை கடந்த பாட்டன்மாரும் பாட்டிமாரும், தம் பிள்ளைகள் இழந்துவிட்ட மொழியைத் தம் பேரக்குழந்தைகளிடம் பேசி வளர்க்கும் இடம் அது. மூன்றே ஆண்டுகளில் அத்தகைய கூடுகள் முந்நூற்றுக்கு மேற்பட்டன. 1987ஆம் ஆண்டில் மாவோரி மொழி ஆட்சிமொழி ஆயிற்று. அதனைக் கண்ட அவாயித் தீவினர், 1984ஆம் ஆண்டில் தம் மொழிக்கும் அவ்வாறே ஒரு கூடு கட்டினர். 1896ஆம் ஆண்டு முதல் அம்மொழியைப் பள்ளிகளினின்று விலக்கிவைத்திருந்த சட்டம் 1986ஆம் ஆண்டில் மாற்றப்பெற்றது. ஒரு தீவில் விளைந்த வித்து, கடல் கடந்து மற்றொரு தீவில் முளைத்தது.

இவற்றைக் கூறுமிடத்து, மறைக்கத்தகாத மற்றோர் உண்மையும் உண்டு. 1901ஆம் ஆண்டில் வேல்சு நாட்டு மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வேல்சு மொழி பேசினர். 1961ஆம் ஆண்டில் அது 26 விழுக்காடு. 1981ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 விழுக்காடு. 2001ஆம் ஆண்டில் ஏறத்தாழ 21 விழுக்காடாகச் சற்றே நிமிர்ந்தது; 2021ஆம் ஆண்டில் மீண்டும் 17.8 விழுக்காடாகச் சரிந்தது. அஃதாவது, பள்ளிகள் பெருகப் பெருகவும் மொழி முழுமையாக மீண்டுவிடவில்லை. பள்ளியில் கற்ற மொழியை வீட்டிலும் கடைத்தெருவிலும் தொழிலகத்திலும் பேசாதொழியின், பள்ளி வளர்த்ததை வாழ்க்கை தேய்க்கும். முளைத்த பயிருக்குக் களையெடுப்பும் நீர்ப்பாய்ச்சலும் அறுவடை நாள் வரை வேண்டும். ஆயின், அவ்வேழு குழந்தைகளின் பள்ளி அன்று தோன்றாதிருந்தால், இன்று கணக்கெடுக்க எத்துணைப் பேர் எஞ்சியிருப்பர் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1939ஆம் ஆண்டில் அப்பெற்றோர் ஐயுற்று நின்றிருந்தால், இழப்பு எழுவரோடு நின்றிராது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய தொடக்கங்கள் இல்லாமல் இல்லை. 1990களில் தொடங்கப்பெற்ற தாய்த்தமிழ்ப் பள்ளிகள், அரசின் துணையை எதிர்பாராமல், தமிழுணர்வுடையோரின் சிறுபொருளைக் கொண்டே நடந்து வந்துள்ளன. அவற்றைப் பற்றித் தமிழன்பர் கூட்டங்களில் பாராட்டு நிரம்ப எழுகின்றது. பாராட்டுவோர்தம் குழந்தைகளோ ஆங்கிலப் பள்ளியின் ஊர்தியில் ஏறிச் செல்கின்றனர். 'பள்ளி சிறியது, வளரட்டும், பின்னர்ச் சேர்ப்போம்' என்பது அவர்தம் விடை. வேல்சு நாட்டுப் பெற்றோர் எழுவரும் அவ்வாறே விடையிறுத்திருந்தால், அப்பள்ளியின் எண்ணிக்கை ஏழாக அன்றிச் சுழியாகவே இருந்திருக்கும். வளர்ந்தபின் சேர்வோம் என்று அனைவரும் காத்திருக்கும் ஒன்று எங்ஙனம் வளரும்? முளைத்தால் விதைப்பேன் என்று கூறும் உழவன் எவ்வூரில் உளன்?

எனவே, தொடங்குவோர் தம் முயற்சியின் அளவை அளந்துகொண்டிராமல், அதனை உப்புநீரில் இட்டுப் பார்த்தல் வேண்டும். அது முழுமையாக உள்ளதா? தாம் இல்லாதவிடத்தும் பிறர் அதனை எடுத்துச் செய்ய இயலுமா? அடுத்த படிக்கு இன்றே கல் அடுக்கப்பெறுகின்றதா? இம்மூன்றுக்கும் 'ஆம்' என்னும் விடை கிடைக்குமாயின், எண்ணிக்கை ஏழாயினும் அஞ்ச வேண்டுவதில்லை. கிடைக்காதாயின், எண்ணிக்கை ஏழாயிரமாயினும் மகிழ வேண்டுவதில்லை, அது மிதக்கும்.

தெருவுக்கு நான்கு குடும்பங்கள் மாலைப்பொழுதில் தம் குழந்தைகளை ஓரிடத்தே கூட்டி, ஒரு மணிநேரமேனும் பிறமொழி கலவாமல் பேசவும் பாடவும் கணக்கிடவும் பழக்குவதற்கு யாருடைய இசைவும் வேண்டியதில்லை. வேண்டுவன ஒரு திண்ணையும், பெற்றோரின் உறுதியும், நாளையும் அது நடக்கும் என்னும் ஒழுங்குமே. அதனைத் தொடங்குதற்குரிய நாள், பெருங்கூட்டம் சேரும் நாள் அன்று. குழந்தை பேசத் தொடங்கும் நாளே அந்நாள்.